எஸ்ஐபி கட்டுவது நாம், கம்பெனிக் கூட்டத்தில் நம் பேரில் ஓட்டுப் போடுவது யார்?

சிம்மக்கல்_கணக்கர்

வணக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப்போகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நான் சிம்மக்கல் பக்கம் ஒரு ஆடிட்டர் ஆபீஸில் வரிக்கணக்கு பார்க்கிறேன். ஜூன், ஜூலையில் ரிட்டர்ன் போட வருகிறவர்கள் கொண்டுவரும் காகிதங்களைப் பார்த்தாலே ஊர்க்காரர்கள் எதில் சேமிக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். முன்பெல்லாம் எஃப்டி வட்டிச் சான்று, எல்ஐசி ரசீது, சீட்டு எடுத்த விவரம், நகைக்கடன் சீட்டு, அவ்வளவுதான். இப்போது பாத்திரக்கடைக்காரர், பெரியாஸ்பத்திரி நர்ஸ் அக்கா, டவுன்ஹால் ரோட்டில் செல்போன் சர்வீஸ் செய்கிற தம்பி, யார் வந்தாலும் கையில் மியூச்சுவல் ஃபண்ட் ஸ்டேட்மென்ட் இருக்கிறது, அதாவது பலர் பணத்தைச் சேர்த்துப் பங்கு, கடன் பத்திரங்களில் போடும் ஃபண்டின் கணக்கு. நாடு முழுக்க இதே கதைதான். 2014-ல் 10 லட்சம் கோடி ரூபாயாக இருந்த மியூச்சுவல் ஃபண்ட் சொத்து 2025-ல் 70 லட்சம் கோடியைத் தாண்டிவிட்டது. மாதாமாதம் தவணையாக ஃபண்டில் பணம் போடுவதுதான் எஸ்ஐபி. 2016 ஏப்ரலில் மாதம் சுமார் 3,100 கோடியாக இருந்த எஸ்ஐபி வரவு 2024 அக்டோபரில் 25,000 கோடியைத் தொட்டது.

லாபம் வருமா வராதா, எந்த ஃபண்ட் நல்லது என்று பேச இந்த மன்றத்தில் ஏகப்பட்ட இழைகள் இருக்கின்றன. நான் கேட்பது வேறு. இவ்வளவு பணம் ஃபண்ட் ஹவுஸ் எனப்படும், ஃபண்டுகளை நடத்தும் ஒரு சில நிறுவனங்களின் கைக்குப் போகும்போது, பணத்தோடு சேர்ந்து அதிகாரமும் போகிறதே, அதைப் பற்றி ஏன் யாருமே பேசுவதில்லை? பங்கு நம் பணத்தில் வாங்கியது. ஆனால் பங்கோடு வரும் ஓட்டு ஃபண்ட் ஹவுஸிடம் இருக்கிறது. இயக்குநராக யார் வரலாம், முதலாளி குடும்பத்துக்குச் சம்பளம் எவ்வளவு, குழுமத்துக்குள்ளேயே ஒரு கம்பெனி இன்னொன்றுக்குப் பணம் கைமாற்றலாமா, எல்லாவற்றுக்கும் அவர்கள் ஓட்டுப் போடுகிறார்கள். நம்மை ஒரு வார்த்தை கேட்பதில்லை.

மதுரைக்காரனாக எனக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. இந்த ஊருக்கென்று ஒரு வங்கி இருந்தது. கருமுத்து தியாகராஜன் செட்டியார் 1943-ல் தொடங்கிய பாங்க் ஆஃப் மதுரா. 2001-ல் அது ஐசிஐசிஐ வங்கியோடு இணைந்துவிட்டது. ஊர்ப் பணத்தை ஆளுகிறவர் யார், அவர் அந்தப் பணத்தை என்ன செய்கிறார் என்று தெரிந்திருந்த காலம் அது. மில் கட்டினார், கல்லூரி கட்டினார், தப்பென்றால் தெருவில் நின்று கேட்கலாம். இன்று நம் பணத்தை ஆளுகிறவர் மும்பையில் எந்தக் கட்டடத்தில் உட்கார்ந்திருக்கிறார் என்றுகூட நமக்குத் தெரியாது. இதைப் பற்றி உங்கள் கருத்து என்ன?


அண்ணாநகர்_விநியோகஸ்தர்

சார், நான் மியூச்சுவல் ஃபண்ட் விற்கும் தொழிலில்தான் இருக்கிறேன், அதனால் என் பேச்சை அதற்குத் தக்கபடி எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் சில விஷயங்களைச் சொல்லியே ஆக வேண்டும்.

ஊர் முகம் தெரிந்தவர்களிடம் பணம் கொடுத்த காலத்தை நீங்கள் ரொம்ப நல்லதாகச் சொல்கிறீர்கள். 1990-களில் தமிழ்நாடு முழுக்க ஃபைனான்ஸ் கம்பெனிகள் தெருவுக்குத் தெரு முளைத்து, இருபத்துநாலு வட்டி, முப்பது வட்டி என்று வாங்கி, ராத்திரியோடு ராத்திரியாக ஷட்டரை இறக்கிவிட்டுப் போனதெல்லாம் முகம் தெரிந்தவர்கள்தான். சொந்தக்காரர், கோயில் கமிட்டித் தலைவர், ரிட்டயர்டு வாத்தியார். அதற்காகத்தான் 1997-ல் முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் என்று தனியாக ஒரு சட்டமே தமிழ்நாடு போட வேண்டியதாயிற்று, அந்தச் சட்டத்துக்கென்று மதுரையில் தனி நீதிமன்றம் இன்னும் நடக்கிறது. அது இன்னும் நடக்கிறது என்றால் என்ன அர்த்தம்? ஏமாறுவது நிற்கவில்லை. மனை தருகிறேன், மாத வட்டி தருகிறேன் என்று சொல்லி வாங்கிய பணத்துக்காக இன்றைக்கும் ஜனங்கள் பொருளாதாரக் குற்றப்பிரிவு வாசலில் மனுவோடு நிற்கிறார்கள்.

மியூச்சுவல் ஃபண்டில் நஷ்டம் வரலாம். ஆனால் பணத்தை எடுத்துக்கொண்டு ஒருவர் ஓடிவிட முடியாது. அமைப்பே அப்படி. ஃபண்டைத் தொடங்கும் ஸ்பான்சர் ஒருவர், மேற்பார்வை செய்யும் டிரஸ்டிகள் வேறு, நிர்வாகம் செய்யும் ஏஎம்சி வேறு, பங்குகளைக் கையில் வைத்திருக்கும் கஸ்டோடியன் வேறு. அதிகாரம் என்கிறீர்களே, ஒரு ஃபண்ட் ஹவுஸின் எல்லாத் திட்டங்களும் சேர்ந்தும் ஒரு கம்பெனியின் ஓட்டுரிமைப் பங்கில் 10 சதவீதத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது என்று பங்குச் சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபியின் விதியே இருக்கிறது. சீட்டுக் கம்பெனியில் இப்படி ஏதாவது இருக்கிறதா?

அப்புறம் ஒன்று. 2013 ஜனவரியிலிருந்து டைரக்ட் பிளான் இருக்கிறது, என்னைப் போன்ற ஆள் இல்லாமலே வாங்கலாம். எங்களுக்கு முன்பணக் கமிஷன் 2018-ல் நின்றுபோனது. இவ்வளவு கட்டுப்பாட்டுக்குள் நடக்கும் தொழில் ஊரில் வேறு எது என்று யாராவது சொல்லுங்கள்.


கப்பலூர்_பட்டறை

அண்ணே, பாதுகாப்பு இருக்கிறது என்பதில் எனக்குச் சண்டை இல்லை. என் கேள்வி, பணம் எங்கே போய் நிற்கிறது என்பது.

நான் கப்பலூர் சிட்கோவில் சின்னதாக ஒரு ஃபேப்ரிகேஷன் யூனிட் நடத்துகிறேன். என்னிடம் வேலை பார்க்கிற பையன்களில் பாதிப்பேர் எஸ்ஐபி போடுகிறார்கள், நான் கொடுக்கும் சம்பளத்திலிருந்துதான். அந்தப் பணம் மாதம் 7-ஆம் தேதி கணக்கிலிருந்து கிளம்பி நிஃப்டி கம்பெனிகளுக்குப் போகிறது. என் பட்டறைக்கு வருமா? வராது, வர வழியே இல்லை. எந்த ஈக்விட்டி ஃபண்டும் பங்குச் சந்தைக்கு வெளியே இருக்கிற ஒரு சிறுதொழிலுக்குப் பத்துப் பைசா கொடுக்க முடியாது. அதே பணம் வங்கியில் டெபாசிட்டாக இருந்தால், அந்த வங்கி கடனில் 40 சதவீதம் முன்னுரிமைத் துறைக்குக் கொடுத்தாக வேண்டும், அதில் விவசாயி இருக்கிறார், நான் இருக்கிறேன்.

வங்கி மேனேஜர் என்னிடம் நேராகவே சொன்னார்: "டெபாசிட் வரவு குறைஞ்சு போச்சுங்க, எல்லாரும் எஸ்ஐபி பக்கம் போறாங்க, ஓவர்டிராஃப்ட் கூட்டிக் கேட்காதீங்க." சொன்னது சாக்கா உண்மையா தெரியாது என்று யாராவது சொல்லலாம். 2024 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கி கவர்னராக இருந்த சக்திகாந்த தாஸே இதைக் கவலையாகச் சொன்னார், வீட்டுச் சேமிப்பு வங்கியை விட்டு வேறு முதலீட்டுக்குப் போகிறது என்று.

தீபாவளி சமயத்தில் மூலப்பொருள் வாங்க எனக்கு மூன்று மாதத்துக்குப் பணம் வேண்டும். ஸ்டாக் ஸ்டேட்மென்ட் கொடு, ஜிஎஸ்டி ரிட்டர்ன் கொடு, ஜாமீன் கொடு என்று அலைந்து கடைசியில் தெரிந்த ஒருவரிடம் தண்டல் வாங்கித்தான் ஷீட் இறக்கினேன். என் பையன்களின் சேமிப்பெல்லாம் சேர்ந்து எங்கோ ஒரு பெரிய கம்பெனியின் பங்கு விலையை ஏற்றிக்கொண்டிருக்கும்போது, அவர்களுக்குச் சம்பளம் கொடுக்கிற பட்டறை தண்டல்காரரிடம் நிற்கிறது. இது சரியா?


ஓய்வு_வங்கியாளர்

தம்பி கப்பலூர், உங்கள் கஷ்டம் நிஜம். ஆனால் காரணத்தைச் சரியான இடத்தில் வைக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் வங்கிகள் திரட்டும் டெபாசிட்டை விடக் கொடுக்கும் கடன் அதிகம். கடன்-டெபாசிட் விகிதம் நூறுக்கு மேல் இருக்கும் மிகச் சில மாநிலங்களில் நம்முடையதும் ஒன்று. அதாவது மற்ற ஊர்ப் பணமும் இங்கே கடனாக வருகிறது. "நம் ஊர்ப் பணம் வெளியே போகிறது" என்பது வங்கியைப் பொறுத்தவரை செல்லாது. இன்னொன்று, எஸ்ஐபியில் போகும் பணம் ஆவியாகிவிடுவதில்லை. யாரோ ஒருவர் பங்கை விற்கிறார், அவர் கணக்கில் அது டெபாசிட்டாக வந்து உட்காரும். வங்கி அமைப்புக்குள்தான் சுற்றுகிறது.

ஆனால் எந்த வங்கியில், எந்த ஊர்க் கிளையில் வந்து உட்காருகிறது என்பதில் வித்தியாசம் உண்டு, அதை ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். உசிலம்பட்டிக் கிளையிலிருந்து கிளம்பும் ஐந்நூறு ரூபாய் எஸ்ஐபி உசிலம்பட்டிக்குத் திரும்பி வராது. கிளை மேலாளருக்கு டெபாசிட் இலக்கு இருக்கிறது. இலக்கு எட்டாத கிளையில் கடன் கேட்டுப் போகிறவருக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்பதை நான் கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

பாங்க் ஆஃப் மதுரா பற்றிக் கணக்கர் எழுதியது மனதைத் தொட்டது. கிராமங்களில் நிறையக் கிளைகள் வைத்திருந்த வங்கி அது, சுய உதவிக் குழுக்களுக்கு வீடு தேடிப் போய்க் கடன் கொடுத்தது. அந்த வேலை தெரிந்த ஆட்கள் ஒவ்வொருவராக வெளியேறிய பிறகு அந்த அறிவும் அவர்களோடு போய்விட்டது.


நாகமலை_ஆய்வு

இழை நல்ல இடத்துக்கு வந்திருக்கிறது. முதல் பதிவில் கேட்ட அதிகாரம் பற்றிய கேள்விக்கு வருகிறேன், ஏனென்றால் வெளிநாட்டில் இது எங்கே போய் நின்றது என்று பார்த்தால் நாம் எங்கே போகிறோம் என்பது புரியும்.

அமெரிக்காவில் பிளாக்ராக், வான்கார்ட், ஸ்டேட் ஸ்ட்ரீட் என்று மூன்று பெரிய ஃபண்ட் நிறுவனங்கள். வான்கார்டை ஜான் போகிள் 1975-ல் தொடங்கி அடுத்த வருடமே சாதாரண மக்களுக்கான இண்டெக்ஸ் ஃபண்டைக் கொண்டுவந்தார். செலவு குறைவு, யார் வேண்டுமானாலும் சந்தை முழுவதையும் வாங்கலாம். நல்ல எண்ணம்தான், கோடிக்கணக்கான பேருக்கு நன்மையும் செய்தது. ஆனால் அதன் மறுபக்கத்தை 2017-ல் வெளிவந்த ஓர் ஆய்வு கணக்குப் போட்டுக் காட்டியது: எஸ் அண்ட் பி 500 என்ற குறியீட்டில் உள்ள பெரிய அமெரிக்கக் கம்பெனிகளில் 88 சதவீதத்தில், இந்த மூவரையும் ஒரே ஆளாக எண்ணினால் அவர்தான் மிகப் பெரிய பங்குதாரர். அதாவது ஒன்றோடொன்று போட்டி போட வேண்டிய கம்பெனிகளுக்கெல்லாம் ஒரே முதலாளிகள். விமானக் கம்பெனிகளை வைத்து 2018-ல் ஓர் ஆய்வு வந்தது, இப்படிப் பொதுவான பங்குதாரர்கள் இருப்பதால் டிக்கெட் விலை 3 முதல் 7 சதவீதம் கூடுதலாக இருக்கிறது என்றது. அதை மறுத்தும் ஆய்வுகள் வந்தன, சண்டை இன்னும் ஓயவில்லை.

2020 மார்ச்சில் கொரோனா நெருக்கடியில் அமெரிக்க மத்திய வங்கி கம்பெனிப் பத்திரங்களை வாங்க முடிவு செய்தபோது அந்த வேலையை பிளாக்ராக்கிடம்தான் கொடுத்தது. அரசாங்கமே ஒரு நெருக்கடியில் தனியார் ஃபண்ட் நிறுவனத்தை உதவிக்குக் கூப்பிட வேண்டிய நிலை வந்துவிட்டது. அதன் தலைவர் லாரி ஃபிங்க் ஒவ்வொரு வருடமும் கம்பெனித் தலைவர்களுக்குக் கடிதம் எழுதுவார். 2018 கடிதத்தில், லாபம் மட்டும் போதாது, சமூகத்துக்கு என்ன செய்கிறீர்கள் என்று காட்டுங்கள் என்றார். உலகமே பாராட்டியது. பிறகு டெக்ஸாஸ் போன்ற மாநிலங்கள் எதிர்த்தன, அரசியல் காற்று திரும்பியது, 2025 ஜனவரியில் பருவநிலைக்கான ஃபண்ட் நிறுவனங்களின் கூட்டணியிலிருந்து பிளாக்ராக் விலகிக்கொண்டது. சேர்ந்தது சரியா விலகியது சரியா என்பதற்குள் நான் போகவில்லை. இரண்டு தடவையும் பணத்துக்குச் சொந்தக்காரர்களை யாரும் கேட்கவில்லை. என் கவலை அது ஒன்றுதான்.

அதே பிளாக்ராக் ஜியோவோடு சேர்ந்து 2023-ல் கூட்டு அறிவித்து, 2025-ல் செபி அனுமதி வாங்கி இங்கே வந்துவிட்டது.

இந்தியாவில் நிலைமை வேறு என்பதையும் சொல்லிவிடுகிறேன். இங்கே பெரும்பாலான கம்பெனிகளில் புரமோட்டர், அதாவது கம்பெனியைத் தொடங்கி நடத்தும் குடும்பம்தான் பாதிப் பங்கை வைத்திருக்கிறது. விநியோகஸ்தர் சொன்ன 10 சதவீத வரம்பும் இருக்கிறது. ஆனாலும் 2025 மார்ச் காலாண்டில் முதன்முறையாக நம் நாட்டு மியூச்சுவல் ஃபண்ட், இன்சூரன்ஸ் போன்றவர்களின் பங்கு வெளிநாட்டு முதலீட்டாளர்களின் பங்கை முந்தியது. வெளிநாட்டான் ஓடினால் சந்தை விழும் என்ற பயம் குறைந்தது நல்லது. அந்த இடத்தில் இப்போது உட்கார்ந்திருப்பது யார் என்று கேட்பதும் நம் வேலைதான்.

இதில் பழைய பாடம் ஒன்று இருக்கிறது. எல்ஐசி 1956-ல் தொடங்கிய மறு வருடமே, மேலிடத்து நெருக்கடியில் முந்த்ரா என்ற தொழிலதிபரின் கம்பெனிப் பங்குகளை வாங்கியது. ஃபெரோஸ் காந்தி நாடாளுமன்றத்தில் கிளப்பினார், நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி 1958-ல் பதவி விலக நேர்ந்தது. சேமித்தவன் பணத்தைப் பெரிய குவியலாக வைத்திருக்கும் இடத்தில் மேலிருந்து ஒரு கை நீளும் என்பது அன்றே தெரிந்த விஷயம்.


மேலூர்_டீச்சர்

இடையில் ஒரு தகவல் மட்டும். தமிழ்நாடு அரசு வேலையில் 2003 ஏப்ரல் 1 முதல் சேர்ந்த என்னைப் போன்றவர்களுக்குப் பழைய ஓய்வூதியத்துக்குப் பதில் சிபிஎஸ் என்ற பங்களிப்பு ஓய்வூதியத் திட்டத்தைத்தான் வைத்தார்கள். மத்திய அரசு ஊழியர்களின் என்பிஎஸ் என்ற தேசிய ஓய்வூதியத் திட்டம் போல எங்கள் பிடித்தம் ஃபண்ட் மேனேஜர்களிடம் போகவில்லை. அதனால் சந்தை ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. ஆனால் ஓய்வு பெறும்போது என்ன கிடைக்கும் என்ற பயத்தில் எங்கள் ஸ்டாஃப் ரூமில் எல்லோருமே தனியாக எஸ்ஐபி போட ஆரம்பித்தோம். அரசு ஓய்வூதியம் விட்டுப்போன இடத்தில் ஃபண்ட் ஹவுஸ் வந்து நிற்கிறது. இந்தத் தொழிலுக்கு இவ்வளவு பலம் வந்தது விளம்பரத்தால் மட்டும் வந்தது என்று நான் நினைக்கவில்லை.


பழங்காநத்தம்_மில்

டீச்சர் சொன்னதைத்தான் நானும் சொல்ல வந்தேன். நீங்களாவது விரும்பிப் போடுகிறீர்கள். எங்களை யாரும் கேட்கவே இல்லை.

நான் மில் தொழிலாளி, சங்கத்திலும் இருக்கிறேன். எங்கள் பிஎஃப் பணத்தில் ஒரு பகுதி 2015 ஆகஸ்டிலிருந்து பங்குச் சந்தைக்குப் போகிறது. புதிதாக வரும் பணத்தில் முதலில் 5 சதவீதம், பிறகு 10, பிறகு 15. ஈடிஎஃப், அதாவது பங்குச் சந்தையிலேயே வாங்கி விற்கப்படும் ஃபண்ட் வழியாகப் போடுகிறார்கள், எஸ்பிஐ, யூடிஐ ஃபண்ட் ஹவுஸ்கள் நடத்தும் ஈடிஎஃப். அப்படியானால் எங்கள் வியர்வையில் வாங்கிய பங்குக்கு ஓட்டுப் போடுவது அந்த ஃபண்ட் ஹவுஸ். அந்தக் கம்பெனிகளில் எத்தனையோ நிரந்தரத் தொழிலாளியை எடுத்துவிட்டு கான்ட்ராக்ட் ஆள் வைக்கின்றன. ஆலையை மூடி இடத்தை விற்கின்றன. அந்தக் கம்பெனி நிர்வாகத்துக்கு என் பிஎஃப் பணம் ஆதரவாக ஓட்டுப் போடுகிறதா எதிராகப் போடுகிறதா என்று எனக்குத் தெரிய வேண்டாமா? கோயில் உண்டியலில் காசு போட்டவன் திருவிழாக் கமிட்டியிடம் கணக்குக் கேட்கலாம், இங்கே மாதாமாதம் பிடித்துக்கொண்டு கேட்க வழியே வைக்காமல் விட்டிருக்கிறார்கள்.

கணக்கர் சார், ஊர் முதலாளி என்றால் தெருவில் நின்று கேட்கலாம் என்று எழுதினீர்கள். எங்கள் பெரியவர்கள் மில் வாசலில் நின்று கேட்டவர்கள்தான். ஹார்வி மில் காலத்திலிருந்து கேட்டார்கள், அடியும் வாங்கினார்கள். ஊர்க்காரர் என்பதால் எதுவும் தானாகக் கிடைத்துவிடவில்லை, சங்கம் கட்டிய பிறகுதான் கிடைத்தது. அந்த வாசலாவது கண்ணுக்குத் தெரிந்தது, அதுதான் வித்தியாசம்.


சிம்மக்கல்_கணக்கர்

மில் அண்ணே, நீங்கள் கேட்ட கேள்விக்கு ஒரு பகுதி பதில் இருக்கிறது, நிறையப் பேருக்குத் தெரியாது. ஃபண்ட் ஹவுஸ் எப்படி ஓட்டுப் போட்டது என்பதை வெளியிட்டாக வேண்டும் என்று செபி 2010-லேயே சொல்லிவிட்டது. 2021 ஏப்ரல் 1-லிருந்து இயக்குநர் நியமனம், மூலதன அமைப்பு, குழுமத்துக்குள் நடக்கும் பரிவர்த்தனை, சமூகப் பொறுப்பு விஷயம் இவற்றில் கட்டாயம் ஓட்டுப் போட்டே ஆக வேண்டும், 2022 ஏப்ரலிலிருந்து எல்லாத் தீர்மானத்துக்கும். இண்டெக்ஸ் ஃபண்ட், ஈடிஎஃப் எதற்கும் விலக்கு இல்லை. ஆக உங்கள் பிஎஃப் பணம் போட்ட ஓட்டும் எங்கோ ஒரு ஃபைலில் எழுதப்பட்டிருக்கிறது.

அந்த ஃபைலை நேற்று ராத்திரி திறந்து உட்கார்ந்தேன். நான் யூனிட், அதாவது போட்ட பணத்துக்கான ஃபண்ட் பங்கு வைத்திருக்கும் ஒரு ஃபண்ட் ஹவுஸின் வெப்சைட்டில், அடியில், சட்டப்படியான வெளியீடுகள் என்ற பகுதிக்குள், இன்னும் இரண்டு மூன்று கிளிக் உள்ளே போனால் ஓர் எக்செல் கிடைக்கிறது. கூட்டத் தேதி, கம்பெனிப் பெயர், தீர்மானத்தைக் கொண்டுவந்தது நிர்வாகமா பங்குதாரரா, தீர்மானம் என்ன, நிர்வாகத்தின் பரிந்துரை, நம் ஓட்டு, காரணம். ஆயிரக்கணக்கான வரிகள். கீழே இழுத்துக்கொண்டே போனால் ஆதரவு, ஆதரவு, ஆதரவு என்று திரை நிறைகிறது. காரணம் என்ற கட்டத்தில் "சட்டத்துக்கு உட்பட்டது, ஆட்சேபம் இல்லை" என்ற அதே வாக்கியம் ஒட்டி ஒட்டி வைத்தது போல இருக்கிறது. நடுவில் எப்போதாவது ஒரு எதிர்ப்பு வரும், அங்கே மட்டும் இரண்டு வரி எழுதியிருப்பார்கள். முழுக்க ஆங்கிலம், அதுவும் கம்பெனிச் சட்ட ஆங்கிலம். நான் இதே தொழிலில் இருப்பவன், எனக்கே ஒவ்வொரு வரியையும் நின்று படிக்க வேண்டியிருந்தது. நர்ஸ் அக்கா இதை எப்போது படிப்பார்?

ஆனால் எதிர்த்துப் போட்டால் என்ன நடக்கும் என்பதற்கு நம் மாநிலத்தோடு சம்பந்தப்பட்ட உதாரணமே இருக்கிறது. ராயல் என்ஃபீல்டு பைக் செய்யும் ஐஷர் மோட்டார்ஸ், ஆலைகள் சென்னைப் பக்கம். 2021 ஆகஸ்டில் சித்தார்த்த லாலை மீண்டும் நிர்வாக இயக்குநராக்கும் தீர்மானத்துக்கு 75 சதவீத ஓட்டு வேண்டியிருந்தது, கிடைக்கவில்லை. நிறுவன முதலீட்டாளர்களில் பலர் சம்பள விஷயத்தில் எதிர்த்துப் போட்டார்கள். பிறகு சம்பள வரம்பைக் குறைத்து மறுபடி கொண்டுவந்தார்கள். புரமோட்டரையே ஒரு நிமிடம் நிற்க வைத்த ஓட்டு அது. முதலாளியின் சம்பளத்துக்கு இவ்வளவு கவனமாக ஓட்டுப் போடத் தெரிந்தவர்கள், மில் அண்ணன் சொல்கிற கான்ட்ராக்ட் தொழிலாளி விஷயத்திலும், கப்பலூர் தம்பி போன்ற சப்ளையருக்கு பில் பணம் இழுத்தடிக்கும் விஷயத்திலும் கம்பெனியைக் கேள்வி கேட்கலாம் இல்லையா? பெரிய கம்பெனி சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்பது சட்டம். அதை மீறும் கம்பெனியில் என் ஃபண்ட் ஹவுஸ் பங்கு வைத்திருந்தால், கேட்கிற உரிமை அவர்களுக்கு இருக்கிறது, அந்த உரிமை என் பணத்தால் வந்தது.


கப்பலூர்_பட்டறை

இது எனக்குத் தோன்றவே இல்லை சார். எனக்கு வர வேண்டிய பில்லில் பெரிய தொகை ஒரு லிஸ்டட் கம்பெனியின் வெண்டாரிடம்தான் நிற்கிறது, பெயர் வேண்டாம். என் பையன்களின் ஃபண்டில் அந்தக் கம்பெனி நிச்சயம் இருக்கும்.


அலங்காநல்லூர்_களஞ்சியம்

நான் களஞ்சியம் என்ற பெண்கள் சேமிப்புக் குழுவில் இருக்கிறேன், மதுரையில் தானம் அறக்கட்டளை என்று சொன்னால் இந்தப் பக்கம் எல்லோருக்கும் தெரியும். எங்கள் குழுவில் வாரம் உட்கார்ந்து, யாருக்குக் கடன், எவ்வளவு, எதற்கு என்று எல்லோரும் பேசித்தான் கொடுப்போம். மாடு வாங்கவா, பிள்ளைக்கு ஃபீஸ் கட்டவா, வீட்டுக்காரர் குடிக்கவா என்று முகத்துக்கு நேராகக் கேட்போம். சண்டை வரும். நோட்டில் எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பணம் பெட்டியை விட்டு வெளியே வரும். படிக்காத பெண்கள் பணத்தை ஆளத் தெரிந்தவர்களாக ஆனது அந்தச் சண்டையில்தான். அதனால் சின்னச் சேமிப்பாளருக்கு இதெல்லாம் புரியாது என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும்.

என் மகன் எஸ்ஐபி போடுகிறான், நானும் 250 ரூபாயில் ஒன்று போட்டிருக்கிறேன். போட்டது தப்பு என்று சொல்லவில்லை, குழுவில் சேமித்தால் கிடைப்பதை விட நீண்ட நாளில் அதிகம் கிடைக்கலாம். ஆனால் என் சித்தப்பா யூடிஐ நடத்திய யூஎஸ்-64 என்ற ஃபண்ட் திட்டத்தில் போட்டிருந்தார், அரசாங்கப் பணம், அசையாது என்று நம்பி. 2001 ஜூலையில் திடீரென்று எடுக்க முடியாது என்று நிறுத்திவிட்டார்கள். பெண் கல்யாணத்துக்கு வைத்திருந்த பணம். கடைசியில் அரசு பாண்டாக மாற்றிக் கொடுத்தது, ஆனால் கல்யாணம் அதற்குக் காத்திருக்குமா, வட்டிக்கு வாங்கித்தான் நடந்தது. நல்லபடி போகும்போது நம்மை யாரும் எதுவும் கேட்பதில்லை, கெட்டுப்போனால் மட்டும் பொறுத்துக்கொள் என்கிறார்கள்.

ஃபண்ட் ஹவுஸ்கள் முதலீட்டாளர் விழிப்புணர்வுக்கென்று ஒரு பங்கு ஒதுக்க வேண்டுமாமே. எங்கள் ஊர்க் கல்லூரியில் ஒரு கூட்டம் போட்டார்கள். எஸ்ஐபி போட்டால் இருபது வருடத்தில் எவ்வளவு ஆகும் என்ற கணக்கு மட்டும் காட்டினார்கள். ஓட்டு என்ற ஒன்று இருப்பதே எனக்கு இந்த இழையில்தான் தெரிகிறது.


அண்ணாநகர்_விநியோகஸ்தர்

அக்கா சொன்ன கடைசி வரி எங்களுக்கு உறைக்க வேண்டும். சொத்தில் 0.02 சதவீதம் விழிப்புணர்வுக்கு என்பது செபி விதி. அது ரிஸ்க், ரிட்டர்ன், கேஒய்சி என்பதோடு நின்றுவிடுகிறது, உரிமை என்ன என்று சொல்வதில்லை. நானும் கிளையண்டிடம் இதைச் சொன்னதில்லை, யாரும் கேட்டதும் இல்லை, இனி சொல்வேன்.

ஆனால் ஒன்றைப் பாருங்கள். யூனிட் வைத்திருப்பவருக்கு ஓட்டே இல்லை என்பது முழு உண்மை இல்லை. ஃபிராங்க்ளின் டெம்பிள்டன் 2020 ஏப்ரல் 23-ல் கடன் பத்திரங்களில் முதலீடு செய்யும் ஆறு திட்டங்களை மூடியது நினைவிருக்கும், 25,000 கோடிக்கு மேல், 3 லட்சம் பேருக்கு மேல் மாட்டிக்கொண்டார்கள். மதுரையிலும் இருந்தார்கள், என் கிளையண்டுகள் சிலர் இருந்தார்கள், அந்த மாதங்களில் போன் எடுக்கவே மனசு வராது, ஆனாலும் எடுத்தேன். வழக்கு பல உயர் நீதிமன்றங்களில் தொடங்கிக் கர்நாடகாவுக்கும் பிறகு உச்ச நீதிமன்றத்துக்கும் போனது. டிரஸ்டிகள் தாங்களாக மூடிவிட முடியாது, யூனிட்தாரர்களின் ஒப்புதல் வேண்டும் என்று தீர்ந்தது. 2020 டிசம்பரில் எல்லோருக்கும் மின்னணு ஓட்டு வந்தது, பெரும்பாலானோர் மூடச் சம்மதித்தார்கள். பணமும் தவணை தவணையாக வந்தது.


நாகமலை_ஆய்வு

விநியோகஸ்தர் சொன்ன உதாரணம் என் வாதத்தைத்தான் பலப்படுத்துகிறது. மூன்று லட்சம் பேருக்கு மின்னணு ஓட்டு நடத்த முடியும் என்று அது நிரூபித்துவிட்டது. தொழில்நுட்பம் இல்லை என்று இனி சொல்ல முடியாது. யூனிட்தாரர் பதிவேடு முழுக்க கேம்ஸ், கேஃபின்டெக் என்ற இரண்டு பதிவு நிறுவனங்களிடம் இருக்கிறது. வெளிநாட்டில் பிளாக்ராக் 2022-லிருந்து பெரிய கிளையண்டுகளுக்கு அவர்கள் விரும்பும் ஓட்டுக் கொள்கையைத் தேர்ந்தெடுக்க வழி கொடுத்திருக்கிறது. ஒவ்வொரு தீர்மானத்துக்கும் நாம் ஓட்டுப் போட வேண்டாம், அது நடக்காது. நான்கைந்து கொள்கைகளை எளிய தமிழில் எழுதி, இதில் எதன்படி என் யூனிட்டுக்கு ஓட்டுப் போடுவது என்று எஸ்ஐபி பதியும்போதே ஒரு கட்டத்தில் டிக் போட வைத்தால் போதும்.


ஓய்வு_வங்கியாளர்

டிக் போடச் சொன்னால் முக்கால்வாசிப் பேர் முதல் கட்டத்தில் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள் தம்பி, நாமினி படிவத்திலேயே பார்த்தாயிற்று. தவிர, ஃபண்ட் மேனேஜரின் கடமை யூனிட்தாரரின் வருமானம். சப்ளையர், தொழிலாளி, ஊர் என்று எல்லாவற்றையும் அவர் தலையில் ஏற்றினால் நாளைக்கு எந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தாலும் அந்தக் கதவு வழியாக உள்ளே நுழையும். முந்த்ரா விவகாரத்தை நீங்களேதான் சொன்னீர்கள். தொழிலாளிக்கும் சிறுதொழிலுக்கும் சட்டம் இருக்கிறது, அதை அரசு அமல்படுத்தட்டும்.


பழங்காநத்தம்_மில்

சட்டம் இருக்கிறது ஐயா, அமல்படுத்த ஆள் இல்லை. அதனால்தான் பணம் இருக்கும் இடத்தில் போய்க் கேட்கிறோம்.


சிம்மக்கல்_கணக்கர்

ஐயா சொல்வதில் அர்த்தம் இருக்கிறது, அரசியல் கை நுழையும் என்ற பயம் நியாயம். அதனால்தான் ஃபண்ட் ஹவுஸ் தானாக முடிவெடுக்க வேண்டாம் என்கிறேன். என்ன செய்தாய், ஏன் செய்தாய் என்று பணம் போட்டவனுக்குப் புரியும்படி சொல்ல வேண்டும், அவ்வளவுதான் இப்போதைக்கு. விதிப்படி, திட்டத்தின் 75 சதவீத யூனிட்தாரர்கள் சேர்ந்தால் ஏஎம்சியையே மாற்றலாம். எட்டாத எண்தான். ஆனால் அப்படி ஒரு உரிமை எழுதப்பட்டிருக்கிறது என்றால் கேள்வி கேட்கும் உரிமை அதற்குள் அடங்கியதுதான்.

கடிதம் எழுதலாம் என்றிருக்கிறேன். ஃபண்ட் ஹவுஸின் குறைதீர்ப்பு அலுவலருக்கும் டிரஸ்டிகளுக்கும் சேர்த்து, மூன்று கேள்வி. போன வருடம் எத்தனை தீர்மானத்தில் எதிர்த்து ஓட்டுப் போட்டீர்கள், அதன் சுருக்கத்தைத் தமிழில் தருவீர்களா. சிறு நிறுவனங்களுக்கு 45 நாளில் பணம் தராத கம்பெனிகளிடம் அதைப் பற்றிப் பேசினீர்களா. விழிப்புணர்வு நிதியில் ஓட்டுரிமை பற்றிய கூட்டம் ஒன்றாவது மதுரையில் நடத்துவீர்களா. பதில் வராவிட்டால் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார். அவரவர் ஃபோலியோ எண் எனப்படும் ஃபண்ட் கணக்கு எண்ணோடு அவரவர் பேரில் அனுப்ப வேண்டும், மொத்தமாக ஒரே மனு போட்டால் ஒரே பதிலில் முடித்துவிடுவார்கள். ஃபோலியோ எண்ணை இங்கே யாரும் பதிய வேண்டாம்.

பிஎஃப் கேள்வி இதில் சேராது. அங்கே யூனிட்தாரர் பிஎஃப்-ஐ நிர்வகிக்கும் இபிஎஃப்ஓ, நாம் இல்லை. முதலீட்டு முடிவு டெல்லியில் மத்திய அறங்காவலர் வாரியத்தில் நடக்கிறது, அதில் தொழிற்சங்கப் பிரதிநிதிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். மில் அண்ணே, உங்கள் சங்கத்தின் மாநில அலுவலகம் வழியாக அவர்களுக்கு எழுதுவதுதான் சரி, வரைவு நான் தயார் செய்து தருகிறேன். ஈடிஎஃப் ஓட்டு விவரத்தை வாரியம் கேட்டு வாங்குகிறதா என்ற ஒரே கேள்வி போதும்.


பழங்காநத்தம்_மில்

அனுப்புங்கள் சார். ஞாயிற்றுக்கிழமை சங்கக் கூட்டம் இருக்கிறது, அதில் வைத்துத் தீர்மானமாகவே போட்டு அனுப்புகிறோம். முடிந்தால் நீங்களும் வந்து அந்த எக்செலை ஆட்களுக்குக் காட்டுங்கள்.


அலங்காநல்லூர்_களஞ்சியம்

தமிழில் எழுதி முடித்ததும் எனக்கும் ஒரு பிரதி வேண்டும். எங்கள் குழுவில் எஸ்ஐபி போடுகிறவர்கள் சிலர் இருக்கிறார்கள், வாரக் கூட்டத்தில் வாசித்துவிட்டு அவரவர் பேரில் அனுப்பச் சொல்கிறேன்.